பல் பிரஷ்ஷால் திறந்த பெட்டி

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, எங்கள் வீட்டில் நான் திறந்து பார்க்காத சாமான்கள் இரண்டே இரண்டுதான் மிச்சமிருந்தன. ஒன்று அம்மாவின் தையல் மெஷின். மற்றது அப்பாவின் மோட்டார் சைக்கிள் எஞ்சின். தையல் மெஷினுக்கு அம்மா காவல் இருந்தார். எஞ்சினுக்கு என் கையில் பலம் போதவில்லை. மற்றபடி சுவர் மணிக்கூடு, டோர்ச், இஸ்திரிப்பெட்டி, மேசை பேன் எல்லாம் என் முன்னால் ஒரு தடவையாவது வாயைத் திறந்தவைதான். திறந்தவற்றில் பாதியைத் திரும்ப மூடியும் இருக்கிறேன்.

இதற்கு வேண்டிய ஆயுதங்களை நானே செய்துகொண்டேன். சைக்கிள் சக்கரக் கம்பியின் நுனியைக் கல்லில் வைத்துத் தட்டித் தட்டையாக்கி, தார் ரோட்டில் தேய்த்து எடுத்தால் அருமையான ஸ்குரூ டிரைவர். உடைந்த குடையின் கம்பியை வளைத்தால் எந்த இடுக்கிலும் நுழையும் கொக்கி. இப்படிப் பத்துப் பன்னிரண்டு ஆயுதங்கள் ஒரு பிஸ்கற் டின்னுக்குள் கிடந்தன. எங்கள் ஊரான பெரியகல்லாற்றில் என்னைவிடக் கெட்டிக்காரி ஒருத்தி இருப்பாள் என்று அந்த வயதில் நான் நினைத்ததே இல்லை.

அந்த வருஷம் ஓகஸ்ட் விடுமுறையில் மாமா கனடாவிலிருந்து வந்தார். மாமா அம்மாவின் தம்பி. கூடவே அவருடைய மகளும் வந்தாள். எனக்கு மச்சாள். வயது பதின்மூன்று. மாமி வரவில்லை. வேலையில் லீவு கிடைக்கவில்லை என்றார்கள்.

மச்சாள் எங்கள் வீட்டுக்குள் வந்தபோது முதுகில் ஒரு பையும், நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பொட்டலமும் இருந்தன. தடித்த குளிர்ச்சட்டை ஒன்றால் சுற்றிய பொட்டலம். பிரித்தபோது சாம்பல் நிறத்தில் பழைய டிவி கேம் பெட்டி ஒன்று இருந்தது. அவளைவிட வயது கூடியது. மாமாவும் மாமியும் கலியாணம் முடித்த புதிதில் வாங்கியதாம். வீட்டில் புதிது புதிதாக எத்தனையோ இருக்க, இதைத்தான் கொண்டுவருவேன் என்று விமானம் முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்ததாக மாமா சொன்னார். அவர் அதைச் சிரிக்காமல் சொன்னார். நான் அதைக் கவனித்தேன், ஆனால் பெட்டியைத்தான் கூடக் கவனித்தேன்.

"இதை இஞ்ச நேராச் செருகக் கூடாது, சரியா?" என்று மாமா எங்கள் இரண்டு பேரிடமும் சொன்னார். "அங்கத்தைய கரண்ட் வேற, இஞ்சத்தைய கரண்ட் வேற. டவுனுக்குப் போய் அதுக்கொரு சாமான் வாங்கிற்று வந்து மறுகா போடுவம்."

இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் சேர்ச்சுக்கு வெளிக்கிட்டபோது எனக்குத் திடீரென்று வயிற்றுவலி வந்தது. அவர்கள் படலையைத் தாண்டியதும் வயிற்றுவலி போய்விட்டது.

என் கணக்கு மிகவும் தெளிவானது. மாமா தன் கைபேசிச் சார்ஜரை ஒரு மல்டி பிளக்கில் செருகித்தான் போடுகிறார். அந்தச் சார்ஜரும் கனடாவிலிருந்து வந்ததுதான். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே இதற்கும் ஒன்றும் ஆகாது. நான் செருகி, சுவிட்சைப் போட்டேன். அடப்டர் ஒரு தேனீ மாதிரி ரீங்காரம் செய்தது. பெட்டியில் சிவப்பு லைற் ஒன்று, நான் அதுவரை கண்ட எந்தச் சிவப்பையும்விட அழகாக எரிந்தது. பிறகு ஒரு சின்ன 'டிக்'. லைற் நின்றது. அடப்டரிலிருந்து புகை வந்தது.

சேர்ச்சால் வந்த அம்மா வாசலிலேயே மூக்கைச் சுருக்கினார். "என்னடி புள்ள செய்த?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அகப்பைக் காம்பால் இரண்டு விழுந்தது. மாமா அம்மாவின் கையைப் பிடித்தார். "விடுங்கக்கா. சாமான்தானே," என்றார். அவருக்குக் கோபம் வராதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மச்சாள் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. பெட்டியைத் தூக்கி ஒரு தரம் மணந்து பார்த்தாள். பிறகு அதைக் கட்டிலில் வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. அகப்பைக் காம்பைவிட அதுதான் எனக்கு நொந்தது.

திங்கட்கிழமை மாமா எங்கள் இரண்டு பேரையும் பஸ்ஸில் ஏற்றி டவுனுக்கு, புளியந்தீவுக்குக் கூட்டிப்போனார். ரேடியோ, டிவி திருத்தும் கடை ஒன்றில் பெட்டியை வைத்தோம். கடைக்காரர் நல்ல மனுஷர். புது அடப்டர் ஒன்றைத் தேடி எடுத்துச் செருகிப் பார்த்தார். பெட்டியில் உயிர் இல்லை. கவிழ்த்துப் போட்டு, ஸ்குரூ ஆணிக் குழிகளுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"அடப்டர் மட்டும் இல்ல, உள்ளுக்கும் ஏதோ எரிஞ்சிரிக்கி," என்றார். "ஆனா இந்த ஆணிக்கு எனக்கிட்ட டிரைவர் இல்ல. ஆரும் திறக்கக் கூடாதெண்டே செஞ்ச ஆணி. கொழும்பிலயும் இருக்குமோ தெரியா. வேணுமெண்டா ஓரத்தில வெட்டித் திறக்கலாம்."

மச்சாள் பெட்டியை மேசையிலிருந்து இழுத்து எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "வெட்ட வேணாம்," என்றாள். அவள் வாயால் முழுத் தமிழ் வசனம் ஒன்றை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கல்லடிப் பாலத்தில் பஸ் போய்க்கொண்டிருந்தபோது நான் அவளிடம் சொன்னேன்: "வெட்டாம நான் திறந்து தாறன்."

"எப்பிடி?"

"எப்பிடியாவது."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நம்பவில்லை. ஆனால் அன்று இரவு அவள் சாப்பிட்டாள்.

அடுத்த நாள் காலை நானும் டோர்ச் அடித்துக் குழிக்குள் பார்த்தேன். சுட்டுவிரல் நீள ஆழத்தில் ஆணியின் தலை இருந்தது. அதில் கோடும் இல்லை, சிலுவை வெட்டும் இல்லை. ஆறு இதழ் வைத்த பூ மாதிரி ஒரு தலை. என் பிஸ்கற் டின்னைக் கவிழ்த்தேன். சைக்கிள் கம்பி வழுக்கியது. குடைக்கம்பி வளைந்தது. அம்மாவின் கத்தரிக்கோலின் நுனி முறிந்தது. அதை ஒருவருக்கும் சொல்லாமல் இருந்த இடத்தில் வைத்தேன். மெழுகுதிரியை உருக்கிக் குழிக்குள் விட்டு, இறுகியதும் இழுத்து எடுத்தேன். பூவின் அச்சு அச்சொட்டாக வந்தது. திருகினால் தூளாகியது. ஆனால் ஆணியின் வடிவம் என் கைக்கு வந்துவிட்டது. இனி அந்த வடிவத்தில் பலமான ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பலம் குசினியில் கிடைத்தது. அம்மா கூனி இறால் காயவைத்துப் பொலித்தீன் பைகளில் அடைத்துக் கடைகளுக்குக் கொடுப்பார். பையின் வாயை இரும்பு அறுக்கும் இரண்டு வாள் அலகுகளுக்கு நடுவில் பிடித்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தில் மெழுகுதிரிச் சுடரைக் காட்டுவார். ஓரம் உருகி ஒட்டிக்கொள்ளும். மச்சாள் அறையைவிட்டு வெளியே வந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு பையை எடுத்து ஒட்டிய இடத்தைத் தடவி, என்னிடம் நீட்டினாள். வாள் அலகின் பற்கள் ஒவ்வொன்றும் பொலித்தீனில் பதிந்திருந்தன. நான் அவளைப் பார்த்தேன். அவள் பெட்டி இருந்த பக்கம் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓடினோம்.

முதலில் பேனைகள். மையை எடுத்துவிட்டு, பிளாஸ்ரிக் குழாயின் நுனியைச் சுடரில் காட்டி, இளகியதும் ஆணிமேல் அழுத்த வேண்டும். முதல் பேனை தீப்பிடித்துக் கறுத்துச் சொட்டியது. இரண்டாவதில் பூ நன்றாகப் பதிந்தது. திருகியபோது குழாய் வெடித்தது. மூன்றாவதும் அப்படித்தான். "மெல்லிசு," என்று சொல்ல அவளுக்குச் சொல் வரவில்லை. இரண்டு விரலை ஒட்டி, பிறகு அகட்டிக் காட்டினாள். தடிப்பாக, நீளமாக, குழிக்குள் போகிற பிளாஸ்ரிக் எது? அவள் ஓடிப்போய்த் தன் பல் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அவளுடையது கனடாப் பிரஷ். பிடியில் இறப்பர் வைத்தது. நாறியதே தவிர உருகவில்லை. என்னுடையது பாதியில் முறிந்தது. அம்மாவுடையது உருக்கியதும் தடித்து, குழிக்குள் போகவில்லை. கடைசியில் அப்பாவின் சிவப்புப் பிரஷ். அந்தக் கிழமைதான் வாங்கியது. பிடியின் நுனியைத் தார் ரோட்டில் தேய்த்து மெலிதாக்கினோம். சுடரில் காட்டினோம். அழுத்தினோம். இறுகும்வரை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பதற்குக் கர்த்தருடைய ஜெபம் இரண்டு தரம் என்று முடிவு செய்தோம். நான் தமிழில் சொன்னேன், அவள் இங்கிலீஷில் சொன்னாள். அவள்தான் முதலில் முடித்தாள்.

நான் திருகினேன். 'கறக்' என்று ஒரு சத்தம். ஆணி சுழன்றது.

"கிறுகுது!" என்று கத்தினேன். "கிறுகுது, கிறுகுது!"

"கிறுகுது!" என்று அவளும் கத்தினாள். அந்தச் சொல் அவளுக்கு அன்றுதான் கிடைத்தது. அதன் பிறகு பேன் கிறுகியது, சைக்கிள் கிறுகியது, சாப்பாடு அதிகமானால் அவளுக்குத் தலை கிறுகியது.

அடுத்த நாள் காலை எங்கள் வீட்டில் மாமாவைத் தவிர ஒருவரிடமும் பல் பிரஷ் இல்லை. அப்பா கிணற்றடியில் உப்பும் கையுமாக நின்றபடி, பிள்ளை வளர்க்கத் தெரியாத ஒருத்தியைப் பற்றிச் சத்தமாகப் பேசினார். அம்மா குசினிக்குள்ளிருந்து அதைவிடச் சத்தமாகப் பதில் சொன்னார்.

பெட்டிக்குள் பச்சைத் தகடு. அதில் ஊர் மாதிரித் தெருக்களும் வீடுகளும். அப்பாவின் மோட்டார் சைக்கிளில் இருப்பது போலவே ஒரு சின்னக் கண்ணாடிப் பியூஸ் மூலையில் இருந்தது. அதற்குள் இருந்த கம்பி அறுந்து, கண்ணாடி கறுத்திருந்தது. வயர் துண்டொன்றை உரித்து, உள்ளிருந்த செப்புக் கம்பிகளில் தலைமயிர் போல ஒன்றை எடுத்து, பியூஸின் இரண்டு தலையிலும் சுற்றினேன். மூடினோம். புளியந்தீவுக் கடையில் வாங்கிவந்த புது அடப்டரை மாமா தன் கையாலேயே செருகினார். சிவப்பு லைற் எரிந்தது. எங்கள் பழைய டிவியில் படம் கறுப்பு வெள்ளையில்தான் வந்தது. ஆனாலும் வந்தது. பக்கத்து வீட்டார்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மா என் தலையைத் தடவினார். கத்தரிக்கோல் விஷயம் அவருக்கு இன்னும் தெரியாது.

அன்று மத்தியானத்திலிருந்து மச்சாள் டிவியின் முன்னால் இருந்தாள். எனக்கும் விளையாட்டுப் பிடி ஒன்று தந்தாள். நான் தோற்றேன். திரும்பத் தோற்றேன். அவள் வெல்லும்போது சிரிக்கவும் இல்லை, என்னோடு கதைக்கவும் இல்லை. அடுத்த நாளும் அப்படியே. மாமா இரண்டொரு தரம் வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். எனக்கு அலுப்பாக இருந்தது. திருத்திய சாமானில் எனக்கு என்ன வேலை?

மூன்றாம் நாள் காலை பெட்டி வேலை செய்யவில்லை.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். சிவப்புப் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு ஓடினேன். திறந்து பார்த்தால் நான் சுற்றிய கம்பியைக் காணவில்லை. எரிந்து சாம்பலும் இல்லாமல் போய்விட்டது என்று தீர்மானித்தேன். வேறு சுற்றினேன். ஒரு நாள் ஓடியது, மறுநாள் நின்றது. திரும்பத் திறந்தோம். இப்படி ஐந்து தடவை நடந்தது. ஒவ்வொரு தடவையும் என் ஆயுதம் திருந்திக்கொண்டு வந்தது. பிரஷ்ஷின் மறுமுனையில் வலை மிதப்புக் கட்டையைத் துளைத்துப் பிடி போட்டேன். பற்கள் தேய்ந்தால் சுடரில் காட்டித் திரும்ப அச்செடுத்தேன். அந்தப் பிராயத்தில் ஒருத்திக்கு இதைவிடப் பெரிய பயிற்சி கிடைத்திருக்காது.

பிரஷ் நுனியைத் தேய்க்கும் நேரத்தில், பிறகு அதைச் சாட்டாக வைத்து இன்னும் கொஞ்ச நேரத்தில், நாங்கள் வாவிக்கரைக்குப் போவோம். மச்சாளுக்கு நண்டு உடைக்கப் பழக்கினேன். முழங்கால் தண்ணீரில் திருக்கை குத்தாமல் கால் இழுத்து நடக்கப் பழக்கினேன். அவள் எனக்கு இங்கிலீஷில் கெட்ட வார்த்தைகள் இரண்டு பழக்கினாள். ஒரு நாள் கரையில் இருந்து பிரஷ் நுனியைக் கல்லில் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "உங்கட அம்மா, அப்பா சண்டை பிடிப்பாங்களா?"

"ஓம். ஒவ்வொரு நாளும். பிரஷ்ஷுக்குப் பிடிச்சது கேட்டதானே?"

"மறுகா?"

"மறுகா என்ன? சாப்பிடுவாங்க."

அவள் தேய்ப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் சொன்னது அவளுக்கு விளங்கவில்லைப் போல என்று நினைத்து, "சோறு சாப்பிடுவாங்க," என்று விளக்கமாகச் சொன்னேன். அவள் திரும்பத் தேய்க்கத் தொடங்கினாள். பிரஷ் கூராகும் அளவுக்குத் தேய்த்துப் பாழாக்கிவிட்டாள். நான் ஏசினேன்.

மாமி கனடாவிலிருந்து போன் எடுப்பார். மச்சாள் போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவாள். அம்மாவும் மாமாவும் குசினியில் குரலைத் தாழ்த்திக் கதைப்பார்கள். நான் போனால் நிறுத்திவிடுவார்கள். பெட்டியை எரித்தது பற்றித்தான் கதைக்கிறார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஒரு முறை அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். 'இவ்வளவுக்குக் கவலைப்பட என்ன இருக்கிறது, நான்தான் திருத்திக்கொண்டிருக்கிறேனே' என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

ஐந்தாம் தடவை திறந்தபோது, நீள ஆணி இருக்க வேண்டிய குழியில் கட்டை ஆணி இருந்தது. நான்தான் மாற்றிப் பூட்டியிருக்கிறேன் என்று என்னையே நொந்துகொண்டேன். அந்தப் பிரஷ்ஷால் பெட்டியைத் திறக்கத் தெரிந்தவர்கள் இந்தப் பூமியிலேயே இரண்டு பேர்தான் என்பதும், அதில் ஒருத்திதான் நான் என்பதும் எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஐந்து தடவையும் கம்பியைக் கழற்றியவள் தானே என்று மச்சாள் என்னிடம் சொன்னது, எனக்கு இருபத்தாறு வயதானபோது. என் கலியாணத்துக்கு வந்திருந்தாள். மாமாவும் மாமியும் பிரிவதென்று முடிவெடுத்த பிறகுதான் அந்தப் பயணம் வந்தார்களாம். திரும்பிப் போனால் நாலு நாள் ஒரு வீடு, மூன்று நாள் இன்னொரு வீடு என்று விமானத்தில் வைத்து மாமா அவளுக்குச் சொன்னாராம். "அது ஓடினா நான் அதுக்குள்ள போயிருவன். அங்க எங்கட பழைய வீடுதான் ஞாபகம் வரும்," என்றாள். "அது ஓடாட்டி நீ வருவாய். அதான் கம்பியக் கழட்டிக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில எறிஞ்சன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு உடனே அந்தக் கடைசி நாள் நினைவுக்கு வந்து, சிரிப்பு அடங்கிவிட்டது.

அவர்கள் புறப்படுவதற்கு முதல் நாள் நான் ஒரு முடிவெடுத்தேன். என் வேலை அரைகுறையாகக் கனடாவுக்குப் போகக் கூடாது. அப்பா மோட்டார் சைக்கிள் கடையில் நல்ல கண்ணாடிப் பியூஸ் ஒன்று வாங்கித் தந்தார். அளவு அச்சொட்டாகப் பொருந்தியது. மச்சாள் குளிக்கப் போயிருந்தபோது அதைப் போட்டு, ஆணிகளை என் பலம் முழுவதையும் கொடுத்து இறுக்கினேன். பிறகு சுப்பர் குளூவை எடுத்து, ஒவ்வொரு குழிக்குள்ளும் வாய் நிரம்ப விட்டேன். காய்ந்ததும் விரலால் தட்டிப் பார்த்தேன். கல்.

வான் வந்து படலையில் நின்றது. சாமான்கள் ஏறின. நான் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய், எல்லோர் முன்னாலும் மச்சாளிடம் கொடுத்தேன்.

"இனி இது பழுதாகவே ஆகாது," என்றேன். "ஆணியெல்லாம் ஒட்டிற்றன். இனி ஆராலயும் திறக்க ஏலா."

அவள் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு குழியை விரலால் தொட்டாள்.

"உன்னாலயும் ஏலாதா?"

"என்னாலயும் ஏலா!"

மச்சாள் அழத் தொடங்கினாள். பெட்டி எரிந்த அன்றைக்கு அழாதவள், இத்தனை நாளும் ஒரு பொட்டுக் கண்ணீர் விடாதவள், வானின் கதவைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். மாமா அவளைத் தூக்கி உள்ளே இருத்தினார். அவர் கண்ணும் சிவந்திருந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் நிமிர்ந்து நின்றேன். திருத்திக் கொடுத்த ஒரு சாமானுக்காக ஒரு பிள்ளை இப்படி அழுது நன்றி சொல்லும் என்று நான் எதிர்பார்த்திருக்கவே இல்லை. வான் பிரதான வீதியில் ஏறி மறையும்வரை, ஒரு பெரிய வேலையைச் சரியாக முடித்தவளின் சந்தோஷத்தோடு கை காட்டிக்கொண்டே நின்றேன்.